எரிபொருள் கையிருப்பும் நாட்டுப் பாதுகாப்பும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பாதுகாப்பு என்றதும் சோதனைச் சாவடியும் சீருடையும் நினைவுக்கு வரும். எரிசக்தி என்றால் மாத முடிவில் வரும் மின்பட்டியல். ஆய்வு செய்பவர்களும் பல காலமாக இவற்றைத் தனித்தனியாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். சேர்த்துப் பார்க்காமல் விட்டதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொழும்பு இதை நேரில் கண்ட நகரம். 1995 ஒக்டோபரில் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. 2008இல் களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் மேல் வானிலிருந்து குண்டு விழுந்தது. எதிரி எங்கே அடிப்பான் என்று யோசித்தவர்கள் தாங்கிகளையும் மின் நிலையங்களையும் காவல் காத்தார்கள். அது தேவையாகவும் இருந்தது.

அதே காலத்தில் வடக்கில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று போனது. பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். வீடே கூடியிருந்து செய்தி கேட்கும். இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அந்தப் பெடலை மிதித்தவர்களும் இருப்பீர்கள். ஒரு சமூகத்துக்குப் போகும் எரிபொருளை அடைத்தால் அதன் படிப்பும் வைத்தியமும் தொழிலும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா? நம் கொள்கை ஆய்வுகளில் இந்த அனுபவத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல்.

சரி, போர் முடிந்த பிறகு என்ன நடந்தது? 2020 ஓகஸ்டில் கெரவலப்பிட்டிய மின் உபநிலையத்தில் பராமரிப்பு வேலையில் ஏற்பட்ட தவறால் நாடே இருண்டது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு பட்டதும் மறுபடி நாடு முழுக்க மின்தடை. குரங்கைப் பற்றிப் பேசிய அளவுக்குக் காரணத்தைப் பற்றி நாம் பேசவில்லை. ஞாயிறு பகலில் மின் தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகளின் உற்பத்தி அதிகம். ஆகவே பெரிய மின் நிலையங்களின் பாரமான சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. திடீர் அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பவை அந்தச் சுழலிகள்தான். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட, அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. சூரிய மின்சாரம் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதனோடு சேர்த்து மின்கலச் சேமிப்பும் வலுவான வலையமைப்பும் வேண்டும் என்று வற்புறுத்துவதும் பாதுகாப்பு ஆய்வின் வேலைதான்.

2022ஐ மறக்க முடியுமா? அந்த ஆண்டு யாரும் நம்மைத் தாக்கவில்லை. டொலர் இல்லை, அவ்வளவுதான். மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு. பெற்றோல் செட் வாசலில் வரிசையில் நின்றே உயிர்விட்ட முதியவர்கள் உண்டு. ஈரானின் மசகு எண்ணெயை, அதாவது சுத்திகரிக்காத எண்ணெயை, மனதில் வைத்து அமைத்த சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம், 2012இல் ஈரான் மீதான தடைகளாலேயே திண்டாடியது. பத்து வருடம் கழித்து, எண்ணெய் வாங்கப் பணமில்லாமல் அடிக்கடி மூடிக் கிடந்தது. அது மூடினால் மண்ணெண்ணெய் தட்டுப்படும். அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரப் படகை நம்பிய மீனவரும், மண்ணெண்ணெயில் சமைத்த தோட்டத்து லயக் குடும்பங்களும் பட்ட பாடு எந்தப் பாதுகாப்பு அறிக்கையில் இருக்கிறது?

இன்னொன்று. நுரைச்சோலையின் 900 மெகாவாட் முழுவதும் கப்பலில் வரும் நிலக்கரியை நம்பியது. கடலில் நிற்கும் பெரிய கப்பலிலிருந்து பாதைப்படகுகளில் மாற்றித்தான் கரைசேர்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் அது நடக்காது. ஆகவே அடுத்த சில மாதங்களுக்கான கரி ஏப்ரலுக்குள் வந்து குவிந்திருக்க வேண்டும். கேள்வி மனு ஒன்று தாமதமானால், பணம் கட்டப் பிந்தினால், அதன் விளைவு ஒரு தாக்குதலின் விளைவுக்குச் சளைத்ததாக இராது. 2024இல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. அங்கே பதற்றம் கூடினால் கொட்டாஞ்சேனை ஓட்டோக்காரரின் அன்றாட வருமானம் ஆட்டம் காணும்.

இதனால் நான் கேட்பது இதுதான்: அச்சுறுத்தல்களை ஆராய்பவர்கள் எதிரிகளைக் கணக்கிடுவதைப் போலவே, கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும், எந்தக் கொள்வனவு பிந்தியிருக்கிறது, நின்றால் முதலில் அடிபடுவது யார் என்பதையும் கணக்கிட வேண்டும். அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் தமிழிலும் சிங்களத்திலும், முடிவெடுப்பதற்கு முன்பே வெளிவர வேண்டும். அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பருவக்காற்றுக்கு முன் எவ்வளவு கரி வந்து சேர்ந்தது, டீசல் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். மின்கட்டணத்தை மாற்றும் முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும்போதும் இதே கேள்விகளை முன்வைக்கலாம்.

நன்றி, வணக்கம்.