நொறுங்கத் தின்றால் நூறு வயது
(கோவில்பட்டி வட்டாரத்து ஊர் ஒன்றின் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு இடையிலும் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அம்மையார் அவர்களே, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து முன்வரிசையில் அமர்த்திய தலைமையாசிரியை அவர்களே, பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொறுப்பேற்ற வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மருத்துவர் அம்மையாருக்குத் தனியாகவும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். சென்ற மாதம் நம் தெருக்களில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி இரத்த அழுத்தம் பார்த்தவர்கள் அவருடைய செவிலியர்கள்.

உடல் எடையைக் குறைக்கத் தொடங்குகிறவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பற்றி அளவு, உறக்கம், தானியம் என்னும் மூன்று தலைப்புகளில் பேச வந்திருக்கிறேன். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று என் அப்பத்தா சோற்றுத் தட்டை வைக்கும்போதெல்லாம் சொல்வார். இந்த மூன்றையும் அந்தப் பழமொழி ஒரே கயிற்றில் கட்டுகிறது என்பது என் நம்பிக்கை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. எடை கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும் என்பதால், நம்மவர்களுக்கு உடல் நிறை குறியீடு, அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண், 23ஐத் தாண்டினாலே எடை கூடுதல் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகக் கூடாது. ஒரு தையல் நாடா போதும், இன்றிரவே அளந்து பாருங்கள்.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் கதையை, அவருடைய அனுமதி பெற்றுச் சொல்கிறேன். எடை 88 கிலோ. மகள் தொலைபேசியில் ஏதோ ஓர் உணவுப் பட்டியலைப் பார்த்து ஓட்ஸ், பச்சைக் காய்கறி, வேகவைத்த முட்டை என்று 12 நாள் கொடுத்தாள். மூன்று கிலோ இறங்கியது. பதின்மூன்றாம் நாள் அம்மன் கோயில் கொடை. வீடெங்கும் பொங்கல் வாசம், மச்சினர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், இவர் ஒருவருக்கு மட்டும் தனித் தட்டு. அன்றோடு பட்டியல் போயிற்று, மூன்று கிலோவும் திரும்பி வந்தது. அதன்பிறகு மருத்துவர், "சாப்பிடுவதை மாற்ற வேண்டாம், ஒரு வாரத்துக்கு எழுதி மட்டும் வையுங்கள்" என்றார். அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? கடன் நோட்டில் தன் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்தார். தேநீர் ஒன்று என்றால் ஒரு கோடு. கண்ணாடிச் சீசாவின் அடியில் கிடக்கும் உடைந்த கடலைமிட்டாய்த் துண்டுகளை விற்க முடியாது என்பதால் வாயில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம், அதற்கும் ஒரு கோடு. பொரிகடலை ஒரு கை, மிக்சர் ஒரு கை, எல்லாம் ஏறியது. சனிக்கிழமை இரவு கடையைச் சாத்திவிட்டுக் கூட்டினார். தேநீர் மட்டும் 42. ஒரு தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை என்றால் வாரத்துக்கு 420 கிராம். அந்த அளவுச் சர்க்கரையைத் தராசில் கொட்டி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஊருக்கெல்லாம் கணக்கு வச்சேன், என் வாய்க்கு வைக்கலியே" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் இடறியது. இன்று சர்க்கரை இல்லாத தேநீர் இரண்டு வேளைதான். ஓராண்டில் 9 கிலோ குறைந்திருக்கிறார், அந்தப் பக்கம் இன்னும் மூடப்படவில்லை.

அவரால் நிலைக்க முடிந்ததற்கு இன்னொரு காரணம், தனித் தட்டு ஒழிந்தது. வீடு முழுவதும் இரவில் கம்மஞ்சோறும் குதிரைவாலியும் சமைக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் நான் தானியத்துக்கு வருகிறேன். நேரம் குறைவு என்று தலைவர் சைகை காட்டுவதால் உறக்கத்தைப் பிறிதொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

சிறுதானியம் தின்றாலே இளைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிசியானாலும் கேழ்வரகானாலும் 100 கிராமில் கலோரி முந்நூறுக்கு மேல்தான், பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம். கம்மஞ்சோற்றை அள்ளி விழுங்க முடியாது, மென்றுதான் ஆக வேண்டும். மென்று தின்னும்போது, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது, தட்டில் கையும் நின்றுவிடுகிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதை நம் கரிசல் காட்டுத் தானியம் தானே கற்றுக்கொடுக்கும்.

தீட்டிய அரிசியின் குறை நேற்றுத் தெரிந்ததல்ல. 1918இல் குன்னூர் பாஸ்டியர் நிலையத்தின் ஒற்றை அறையில் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களைத் தாக்கும் சத்துக் குறை நோயான பெரிபெரியை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய கூடம்தான், 1958இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்ற பாடம் நம் மலையிலேயே படிக்கப்பட்டும், நம் நியாயவிலைக் கடையின் மூட்டைக்குள் இன்னும் வெள்ளை அரிசிதான் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தாய், விலையில்லாமல் கிடைப்பதைத்தானே உலையில் போடுவாள்? அவளிடம் உணவுக் கட்டுப்பாடு பேச நமக்கு என்ன உரிமை?

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் விரும்பும் அட்டைதாரர்களுக்கு அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. அதை நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும், இங்கே கேழ்வரகோடு கம்பையும் சேர்க்க வேண்டும், அதை நம் மானாவாரி விவசாயிகளிடமே கொள்முதல் செய்ய வேண்டும் என்று வட்டாட்சியர் அவர்களை இந்த மேடையிலிருந்து கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திடும்போது குடும்ப அட்டை எண்ணையும் எழுதுங்கள். பக்கத்து மேசையில் கம்மஞ்சோற்று உருண்டையும் மோரும் சின்ன வெங்காயமும் வைத்திருக்கிறோம், அண்ணாச்சி வீட்டில் சமைத்தது.