முப்பது நாளுக்குள் ஒரு படம்

வணக்கம். சேலத்தில் குறைமாதக் குழந்தைகளின் கண்ணைக் கேமராவில் படம் எடுப்பது என் வேலை. ஏற்காட்டு மலையிலிருந்து வரும் அம்மாக்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா நல்லா வெளிச்சத்தப் பாக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க கண்ணு டெஸ்ட்டு?"

வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போய்ச் சேர நேரம் எடுக்கும் இல்லையா? கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரையின் ஓரம் வரை ரத்தக்குழாய் வளர்ந்து முடியவும் கர்ப்பத்தின் கிட்டத்தட்ட 40 வாரம் ஆகிறது. 30 வாரத்திலேயே பிறந்த குழந்தைக்கு அது பாதியில் நிற்கும், மூச்சுக்குக் கொடுக்கிற ஆக்சிஜன் அளவு மீறினால் இன்னும் கெடும். பிறகு குழாய் எட்டிய இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் நடுவே வரப்பு மாதிரி ஒன்று எழும்பி, அதிலிருந்து தாறுமாறாகப் புதுக் குழாய்கள் கிளம்பி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். இத்தனை நடக்கும்போதும் வெளியே கண் பளிச்சென்று இருக்கும். எனக்குப் பயமே அதுதான்.

படம் எடுக்கும்போது குழந்தை அழும். கண்பாவை விரியவும் கண் மரத்துப்போகவும் சொட்டு மருந்து, இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பி, ஜெல் தடவி அதன்மேல் கேமரா. சில நிமிடம்தான், ஆனால் வெளியே நிற்கும் அம்மாவுக்கு அது ரொம்ப நேரம்.

ஒரு தடவை எடுத்தால் போதாது. போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் குழாய் பருத்திருக்கிறதா, நெளிந்திருக்கிறதா என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும். கர்நாடகாவில் 2008 முதல் கேமராவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் படம் எடுத்து, தொலைவில் இருக்கும் டாக்டருக்கு அனுப்புகிறார்கள். நம் மலைக்கும் அப்படி வண்டி ஏறி வர வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு காப்பித் தோட்டத்து அம்மா, பழம் பறிக்கிற சமயம், கூலி போய்விடும் என்று ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வாரம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். படத்தில் குழாய்கள் புழு மாதிரி நெளிந்திருந்தன. மறுநாளே லேசர் சிகிச்சை செய்தோம், குழந்தையின் பார்வையைக் காப்பாற்றிவிட்டோம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

34 வாரத்துக்கு முன்னால் பிறந்ததா, எடை 2 கிலோவுக்குக் குறைவா? 30 நாளுக்குள் கண்ணைக் காட்டிவிடுங்கள். 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.