குடியுரிமை பாரமே!

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். 'பிரிட்டனுக்கு வாழ்க்கைத்துணையை அழைத்துவரக் குடியுரிமை பலமா, பாரமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஓட்டுப் போடலாம், விசா முடிகிறதே என்று நாள் எண்ண வேண்டாம் என்றார். நானும் கைதட்டினேன். ஆனால் தம்பி, இன்றைய தலைப்பு ஓட்டு இல்லையப்பா, மனைவி!

கணக்குக்கு வருவோம். 2012 ஜூலையில் ஒரு விதி வந்தது. குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டுத் துணையை அழைக்க ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் அதை ஒரே தாவலில் 29,000 ஆக்கினார்கள். அந்த மாதம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 பவுண்டு 44 பென்ஸ். வகுத்துப் பாருங்கள். 52 வாரமும் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 49 மணி நேரம் உழைத்தால்தான் 29,000 தேறும். சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகலாம், புருஷன்தான் வரக்கூடாது.

அதே ஏப்ரலில், தேசிய ஊதிய அட்டவணைப்படி சுகாதார வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கு வைத்த அடிமட்டச் சம்பளம் எவ்வளவு? 23,200. அப்போது அவர் மனைவியைக் கூட்டிவரத் தனியாக வருமான வரம்பு கிடையாது. மனைவிக்கென்று 285 பவுண்டு 28 நாள் வங்கியில் கிடந்தால் போதும். வேலை கொடுத்தவர் பொறுப்பேற்றால் அதுவும் வேண்டாம். சரி, சம்பளம் போதாத குடிமகன் சேமிப்பைக் காட்டலாமா என்றால், தாராளமாகக் காட்டலாம்: 88,500 பவுண்டு, ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். 285 எங்கே, 88,500 எங்கே! அன்றைய கணக்கில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, இருவருக்கும் 24,000 சம்பளம் என்று வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் மனைவி விமானம் ஏற முடிந்தது. இங்கேயே பிறந்தவரின் மனைவி ஊரிலேயே இருக்க வேண்டியிருந்தது.

எதிரணிச் சகோதரி ஒன்று கேட்டார். "2024 மார்ச்சிலிருந்து முதியோரையும் முடியாதவர்களையும் பராமரிக்கும் கேர் வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தை அழைக்கவே முடியாதே, அது தெரியாதா?" தெரியும் அம்மா. அது இன்னொரு அநியாயம். பக்கத்து வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது என்பதால் என் வீடு நனையாமல் இருக்குமா? யாருக்கும் கொடுத்ததைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கொடு என்கிறேன்.

நடுவர் அவர்களே, இந்த வழக்கில் ஒரு வேடிக்கையான அத்தியாயம் உண்டு. சுரிந்தர் சிங் என்ற இந்தியர், பிரிட்டிஷ் மனைவி. இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே திரும்பினார்கள். விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1992-ல் தீர்ப்பு வந்தது. வேறொரு ஐரோப்பிய நாட்டில் உழைத்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் குடிமகளுக்கும், துணையை அழைத்துவர ஐரோப்பியருக்குரிய உரிமை உண்டு என்றார்கள். இருபது ஆண்டு கழித்து 18,600 விதி வந்ததும் அந்தத் தீர்ப்பே வழியாகிவிட்டது. ஏனென்றால், அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது; லண்டனில் வேலை பார்த்த போலந்துக்காரர் மனைவியை அழைக்க 18,600-ம் வேண்டாம், ஆங்கிலத் தேர்வும் வேண்டாம், விண்ணப்பக் கட்டணம்கூட வேண்டாம். பிரிட்டிஷ்காரர்தான் மூட்டை கட்டிக்கொண்டு அயர்லாந்துக்குப் போய், மாதக்கணக்கில் அங்கே உழைத்து, அந்த உரிமையோடு திரும்ப வேண்டியிருந்தது. சொந்த வீட்டு முன்வாசலில் விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக வந்தால் "வாங்க வாங்க" என்பார்கள்! பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2022-ல், அந்தக் கொல்லைக் கதவையும் அநேகமாகச் சாத்திவிட்டார்கள்.

வருகிறவர் அரசாங்கப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, அதற்குத்தான் இந்த வரம்பு என்றார் தம்பி. வாழ்க்கைத்துணை விசாவைப் படித்துப் பாருங்கள். அரசு உதவித்தொகைக்கு உரிமை இல்லை என்ற நிபந்தனையோடுதான் அது வருகிறது. பூட்டு ஏற்கெனவே தொங்குகிறது. 29,000 இரண்டாவது பூட்டு. 2017-ல் உச்ச நீதிமன்றமே வருமான வரம்பை ஏற்றுக்கொண்டதே என்கிறார். கொள்கையளவில் ஏற்றது உண்மை. குழந்தைகளின் நலனுக்கு விதிகள் போதிய இடம் தரவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது தம்பிக்குக் கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது.

மணி அடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், ஒரு வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த பிள்ளை. இங்கே பிறந்தவள், குடிமகள். கணவர் யாழ்ப்பாணத்தில் வங்கி வேலையில் இருக்கிறார். அவருடைய அந்தச் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. கடை வைத்திருக்கும் பெரியப்பா "நான் பொறுப்பு" என்று எழுதித் தர நிற்கிறார். அதுவும் பொதுவாகச் செல்லாது. மேசையில் பிளாஸ்டிக் உறை ஒன்று. அதற்குள் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற வங்கிக் கணக்கு, கல்யாணப் படங்கள். நாலாவது மாதம் அவளுக்குக் காய்ச்சல். நாலு ஷிப்ட் போகவில்லை. கூட்டிப் பார்த்தால் 29,000-க்குக் கொஞ்சம் குறைகிறது. மறுபடி முதலாம் மாதத்திலிருந்து எண்ணுகிறாள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். நான் போன அன்று சும்மா கேட்டேன், "அப்பா எங்கே கண்ணா?" குழந்தை சுவரோரம் செருகியிருந்த டேப்லெட்டைக் கையால் காட்டிச் சொன்னது:

"அப்பா சார்ஜில இருக்கிறார்."

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே.