கரஸ்ஸில், அதாவது அஞ்சல்வழியில், படிக்கிறவர்களுக்குத் துணை நிற்கப் போகிறவர்களிடம் பேசியது

பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன், பாதிப் பேர் ரிட்டயர்டு வாத்தியார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கோவித்துக்கொள்ளக் கூடாது: சாக்பீஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முப்பத்தைந்து, நாற்பது வயதில் டிகிரி சேருகிற ஒருவர் பாடம் புரியாமல் படிப்பை விட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. ரீ-ரெஜிஸ்ட்ரேஷனுக்குக் கடைசி நாள் போனதே தெரியவில்லை, அசைன்மெண்ட் கட்டவில்லை, பரீட்சைக்குத் தனியாக ஃபாரம் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நடுவில் மாமியாருக்கு ஆபரேஷன், அப்புறம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்". அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை. வழிகாட்டி என்று உங்களுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள், பார்க்கப்போவது என்னவோ காவல்காரர் வேலை, தேதிகளுக்குக் காவல்.

மதுரைக்குக் கரஸ் ஒன்றும் புதிதில்லை. காமராசர் பல்கலைக்கழகம் 1966இல் வந்தது, 1971லேயே அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கிவிட்டது, இங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் வீட்டிலேயே தபாலில் வந்த புத்தகத்தை வைத்து பி.ஏ. முடித்த ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். பிறகு 1985இல் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அன்றைக்கு மணியார்டரும் தபால்தலையும் போதும், இன்றைக்கு எல்லாமே ஓடிபி. 2024லிருந்து, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருகிற டெப் ஐடி இல்லாமல் தொலைநிலையில் சேர முடியாது, அதற்கு முன்னால், படித்ததற்கான கிரெடிட்டைச் சேர்த்து வைக்கிற கணக்கான ஏபிசி ஐடி வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும்.

இங்கேதான் நம்ம ஊர் இனிஷியல் வந்து நிற்கும். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், பெயருக்கு முன்னால். ஆதாரில் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பெயர் முழுசாக, பின்னால். ரேஷன் கார்டில் லட்சுமிக்கு ஒரு எழுத்து குறைவு. நெட் சென்டர் தம்பி எதையோ ஒன்றைத் தட்டிவிட்டு "முடிஞ்சிருச்சுக்கா" என்பான், அந்த அக்காவும் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், ஹால் டிக்கெட் வரும்போதுதான் விவகாரம் தெரியும். ஆகவே முதல் நாள் சிலபஸ் எல்லாம் பேச வேண்டாம். எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பிப் போட்டு, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் பெயரைச் சாதாரணமாக இரண்டு தடவைக்கு மேல் மாற்ற விட மாட்டார்கள், அதனால் எதை எதற்குப் பொருத்துவது என்று யோசித்து மாற்றுங்கள். மார்க் ஷீட்டுக்குத் தக்கபடி ஆதாரைத் திருத்துவது சுலபம். பழைய மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பினால் செருப்புத் தேய்ந்துவிடும்.

அதே நாளில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எதற்காகப் படிக்கிறீர்கள் என்பது. குத்திக்காட்டுகிற மாதிரி கேட்கக் கூடாது, ஆனால் கேட்டே ஆக வேண்டும். அரசு வேலைக்கு என்று சொன்னால், பத்தாவது, அதன் மேல் பிளஸ் டூ அல்லது அரசு அதற்கு இணை என்று ஏற்ற படிப்பு, அப்புறம் டிகிரி என்கிற வரிசை இருக்கிறதா பாருங்கள். வரிசை தப்பி வாங்கிய திறந்தநிலைப் பட்டம் இங்கே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது, 2009லேயே அரசாணை வந்துவிட்டது. பிளஸ் டூ இல்லாதவரைத் தனித்தேர்வராக அதை எழுத வைத்துவிட்டு டிகிரிக்கு அனுப்புவதுதான் நியாயம், இரண்டு வருஷம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. இதைச் சொன்னால் அவர் முகம் வாடும். சொல்லாமல் மூன்று வருஷம் ஃபீஸ் கட்ட விடுவது அதைவிடப் பாவம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருபது சதவீத முன்னுரிமை தருகிற 2010ஆம் வருஷத்துச் சட்டத்தை 2020இல் திருத்தி, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், அதனால் பயிற்றுமொழிச் சான்றிதழையும் பள்ளிக்கூடத்தில் இருந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்கெல்லாம் இல்லை, பிள்ளை கேட்டால் நானும் டிகிரி என்று சொல்லணும் என்பவர்களும் உண்டு. அவர்களை இந்தச் சட்டம் பேசிப் பயமுறுத்தாதீர்கள்.

நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இக்னோவில் பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும். காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள், ஜூன் பரீட்சை வைகாசி முகூர்த்தத்தின் வாலில் வந்து விழும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக் கட்டி விற்கிற ஒரு அக்கா, கல்யாண நாளில் மல்லியை விட்டுவிட்டுப் பேப்பர் எழுதப் போவாரா? போகச் சொல்ல நமக்கென்ன உரிமை, ஒரு முகூர்த்த வியாபாரத்தில்தான் அவருக்கு அந்த மாத வாடகை. டிசம்பர் வந்தால் கார்த்திகை, மார்கழி. வீட்டில் ஒருவர் மாலை போட்டுவிட்டால் விடிவதற்கு முன் தலைக்குக் குளித்துச் சமைப்பது யார்? மேலூர் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் விளைகிற ஒருபோக நிலத்துக்குச் செப்டம்பர் வாக்கில் தண்ணீர் திறந்தால் நடவு, டிசம்பர் தேர்வுக்கான அசைன்மெண்ட் கெடுவும் அநேகமாக அதை ஒட்டித்தான் வரும். இதை எல்லாம் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்காது, நீங்கள் எடுக்க வேண்டும். மூன்று வருஷ டிகிரியை முடிக்க இக்னோ ஆறு வருஷம் வரை தருகிறது, அதைத் தோல்வி என்று நினைக்காமல் வசதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கார அக்கா ஜூனில் ஒரே ஒரு பேப்பர் எழுதட்டும், மிச்சத்தை டிசம்பருக்குத் தள்ளட்டும். "அரியர் விழுந்துருச்சா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அசைன்மெண்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும். எழுதிப் பழக்கம் விட்டுப்போனவருக்கு அந்த வெள்ளைத்தாள் பெரிய பயம், அந்தப் பயத்தை வைத்துத்தான் ஜெராக்ஸ் கடைகளில் "அசைன்மெண்ட் எழுதித் தரப்படும்" என்று போர்டு தொங்குகிறது. திட்டாதீர்கள், முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருவர், பொது நிர்வாகம் எடுத்திருந்தார். ஊராட்சிகளுக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடம் கொடுத்த 73ஆவது திருத்தம் பற்றிக் கேள்வி. மார்ஜின் போட்டு, என்ரோல்மெண்ட் நம்பர் எழுதி, கேள்வியையும் அழகாக எழுதிவிட்டு அதோடு பேனாவை மூடி வைத்துவிட்டார். "அண்ணே, உங்க ஊர்ல கிராம சபை எங்க கூடும்?" என்று கேட்டேன். "மந்தையிலதான்." "என்னைக்கு?" ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று விரல் மடக்கினார், இப்போது மார்ச்சில் தண்ணீர் தினத்துக்கும் நவம்பர் 1க்கும் சேர்த்து வைக்கிறார்கள் என்றார். யார் பேசுவார்கள், யார் பேசாமல் ஓரத்தில் நிற்பார்கள், கையெழுத்து நோட்டு எப்போது வீடு வீடாகப் போகும், எந்தத் தெருவில் விளக்கு எரியாது, வரிசையாக வந்தது. அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "பாப்பாபட்டி, கீரிப்பட்டி பத்தி எழுதலாமா?" என்றார். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, 1996லிருந்து 2006 வரை, தேர்தலே நடக்காமலோ, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தோ, தலைவர் என்று ஒருவர் நிலைக்காமல் இழுத்துக்கொண்டே போன ஊராட்சிகள். இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுதுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமே வேலைக்குப் போகிறவர் அவர், நான் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார், பத்து வரிதான், ஆனால் புத்தகத்தில் ஒரே வாக்கியமாகக் கிடக்கிற இடஒதுக்கீடு அந்தப் பத்து வரியில் ஊரும் தெருவுமாக இருந்தது. பதினெட்டு வயசுப் பிள்ளையால் அப்படி எழுத முடியாது. அதற்கு மேல் நான் திருத்தியதெல்லாம் ஒற்றுப்பிழைதான்.

மிச்சம் எல்லாம் சின்ன விஷயம். உங்களைவிட மூத்தவர் என்றால் அக்கா, அண்ணே. மேடம், சார் வேண்டாம், "என்னம்மா" என்று வாத்தியார் குரலில் அதட்டுவது வேண்டவே வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்குப் போன் போடாதீர்கள், அது தோசை ஊற்றுகிற நேரம், வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் அனுப்பி வைத்தால் மதியம் இரண்டு மணி வாக்கில் கேட்டுப் பதில் போடுவார்கள். ஒரு தடவை வீட்டுக்குப் போய்விட்டு வருவது நல்லது, மாமியார் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு அவரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள், இதை ஒத்துக்கொள்ளாத வழிகாட்டிகள் உண்டு, நான் என் அனுபவத்தில் சொல்கிறேன். கைக்காசு போட்டு ஃபீஸ் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் அப்புறம் அவர் உங்களைக் கண்டால் தெரு மாறிப் போவார், சுய உதவிக் குழுவில் கடன் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுத இடம் இல்லை என்றால் நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பெண்களுக்கு டவுன் பஸ்ஸும் இலவசம்.

ஆளுக்கு இரண்டு பேருக்கு மேல் எடுக்க வேண்டாம், ஆர்வத்தில் ஐந்து பேர் எடுத்தவர்கள் யாருக்கும் போன் எடுக்காமல் போய்விடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெப் ஐடி போட்டுப் பார்க்கப் போகிறோம், முதலில் உங்கள் ஆதாரிலேயே. உங்கள் பத்தாவது மார்க் ஷீட்டையும் எடுத்து வாருங்கள், இனிஷியல் எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று பார்ப்போம்.