வேலி ஓட்டை வழியே ஒரு வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1967-ல் லண்டனில் கலைக் கல்லூரி மாணவராக இருந்த ரிச்சர்ட் லாங் ஒருநாள் ரயிலேறி நகரத்துக்கு வெளியே போனார். ஒரு புல்வெளியைக் கண்டுபிடித்து, அதில் ஒரே நேர்கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் மிதிபட்டு ஒரு கோடு தெரிகிறவரை நடந்தார். அப்புறம் அந்தக் கோட்டைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நடப்பதே ஒரு கலைப்படைப்பு ஆகலாம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படத்தில்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் அதில் ஆளே கிடையாது, நடந்தவர் உட்பட. நான் இன்று பேச வந்தது ஆட்கள் இருக்கிற நடைகளைப் பற்றி. பல்கலைக்கழகம் தன் மாணவர்களை வெளியே நடத்திக் கூட்டிப்போய் ஊர்க்காரர்களோடு பழகவிட்ட கதைகள் அவை.

ஜெர்மனியில் காசல் என்றொரு நகரம். அங்கே பேராசிரியராக இருந்தவர் லூசியஸ் புர்க்ஹார்ட், சுவிட்சர்லாந்துக்காரர், சமூகவியலாளர். 1980-களில் அவரும் மனைவி அன்னமாரியும் சேர்ந்து உலாவுவதைப் பற்றி ஒரு படிப்புத் துறையையே உண்டாக்கிவிட்டார்கள். கேட்டால் கேலி மாதிரி இருக்கும். பாதி கேலிதான். 1987-ல், பழைய ராணுவப் பயிற்சித் திடல் ஒன்றுக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப் போனார்கள். கேப்டன் குக்கோடு கப்பலில் சுற்றிவந்த ஜார்ஜ் ஃபோர்ஸ்டர், டஹீட்டித் தீவின் அழகை வர்ணித்து எழுதியிருக்கிறார். அந்த வர்ணனையை அங்கங்கே நின்று வாசித்தார்கள். கண்ணுக்கு முன்னால் காசல் நகரத்துப் புதர், காதில் தென்கடல் தீவு. ஓர் இடம் அழகாக இருப்பதில் நம் மனசுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டுகிற விளையாட்டு.

1993-ல் இன்னொன்று செய்தார். மாணவர்கள் காரின் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றியதுபோல ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்துக்கொண்டு சாலையில் நடந்தார்கள். போருக்குப் பிறகு காருக்கு வசதியாகத் திரும்பக் கட்டப்பட்ட நகரம் அது. ஓட்டுகிறவருக்கு அந்த ஊர் எப்படித் தெரிகிறது என்பதை நடந்துகொண்டே பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே வாத்தியாருக்கு விடை முன்பே தெரியும். ஊர்க்காரர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள், அவ்வளவுதான்.

ரோம் நகரத்துக் கதை வேறு. 1990-ல் மாணவர் போராட்டத்தில் ஒன்றாக இருந்த கட்டடக்கலை மாணவர்கள் சிலர் பிற்பாடு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். குழுவின் பெயர் ஸ்டாக்கர். 1995 அக்டோபரில் இவர்கள் ரோமைச் சுற்றி நடந்தார்கள், சுமார் 60 கிலோமீட்டர். கொலோசியமோ போப்பாண்டவர் சதுக்கமோ அந்த வழியில் வராது. ரயில் பாதைக்குப் பின்பக்கம், பாதியில் நின்ற கட்டடங்கள், ஆற்றோரப் புதர், யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத பொட்டல். வேலி வந்தால் ஓட்டை தேடி நுழைந்தார்கள். பழனிக்கு நடப்பவர்களுக்குப் போய்ச் சேர ஒரு மலையாவது உண்டு, இவர்களுக்கு அதுகூட இல்லை.

அந்தக் குழுவில் ஒருவர் ஃபிரான்செஸ்கோ கரேரி. பிற்பாடு ரோம் நகரத்திலேயே உள்ள ரோமா த்ரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே அவர் நடத்தும் பாடம் முழுக்க முழுக்க நடைதான். இந்த வாரம் நடை எங்கே முடிந்ததோ, அடுத்த வாரம் அங்கிருந்தே ஆரம்பம். நேரத்தைத் தொலைத்தால் இடம் கிடைக்கும் என்பது அவர் பேச்சு. மணியடித்து வகுப்பு முடிக்கும் நம் கல்லூரிகளில் இதைச் சொன்னால் முதல்வர் என்ன முகத்தோடு பார்ப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். வருகைப் பதிவேட்டை எந்த வேலியில் மாட்டுவது?

சரி, நடந்து என்ன கிடைத்தது? ரோம் நகர ஓரங்களில் நடந்தால் ரோமா மக்களின் குடிசைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஜிப்சிகள் என்று பிறர் அழைக்கும் சமூகம் இது, நகரத்தின் பெயருக்கும் இவர்கள் பெயருக்கும் சம்பந்தமில்லை. மாணவர்களும் ஸ்டாக்கர் குழுவும் டைபர் ஆற்றங்கரையிலும் முகாம்களிலும் நடந்தார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள். அப்படிப் போன இடம்தான் காசிலினோ 900, அந்த நகரத்தின் பெரிய, பழைய முகாம்களில் ஒன்று. போஸ்னியா, கொசோவோ, மாசிடோனியா பக்கமிருந்து வந்த குடும்பங்கள். இவர்களுக்கு அரசு கொடுத்த தீர்வு, வேலி போட்ட முகாமில் வரிசையாகக் கன்டெய்னர் பெட்டி. வேறு மாதிரி வீடு கட்ட முடியாதா என்ற பேச்சு வந்தது. 2008 கோடையில் முகாம்வாசிகளும் மாணவர்களும் சேர்ந்து மரத்தில் இரண்டு மாடி வீடு ஒன்றைக் கட்டினார்கள். சவோரெங்கோ கேர் என்று பெயர், எல்லாருடைய வீடு என்று பொருள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. தகரமும் பலகையும் கிடைத்ததை வைத்துத் தன் வீட்டைத் தானே கட்டிப் பழகியவர்கள் அந்த முகாம்காரர்கள். கட்டடக்கலை மாணவர் நான்காம் ஆண்டில் காகிதத்தில் போடும் கணக்கை அவர்கள் கையாலேயே போட்டுவிடுவார்கள். சர்வே படிவத்தோடு போயிருந்தால் 'வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு' என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். கையில் படிவம் இல்லாமல், களைத்துப்போய், தண்ணீர் கேட்டு நிற்கிறவரிடம் ஊர்க்காரர் பேசுவது வேறு பேச்சு. நடையைக் கலை என்று சொல்வதில் எனக்கு உள்ள ஒரே சம்மதம் இந்த இடத்தில்தான்: மேலே இருப்பவர், கீழே இருப்பவர் என்ற வரிசையை அது கொஞ்ச நேரமாவது கலைத்துவிடுகிறது.

கொஞ்ச நேரம் என்று சொன்னது வேண்டுமென்றேதான். அந்த வீடு 2008 டிசம்பரிலேயே தீக்கிரையானது. 2010 தொடக்கத்தில் முகாமையே காலி செய்துவிட்டார்கள். நடையும் கலையும் சேர்ந்து ஒரு மாநகராட்சியின் கொள்கையை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். பாரம்பரிய நடை என்ற பெயரில் கோயில் கோபுரத்தையும் பழைய வீட்டுத் திண்ணையையும் காட்டிவிட்டுக் காபியோடு முடிக்கும் நடைகள் இப்போது நிறைய நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஒருமுறை போய் வருவது சுற்றுலா. அதே தெருவுக்கு ஒரு பருவம் முழுக்கப் போய்ப் பாருங்கள். மூன்றாவது வாரம் போல, 'நீங்க எதுக்குத் தம்பி வர்றீங்க?' என்று யாராவது கேட்பார்கள். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கும். ஃபோனை வெளியே எடுத்துப் படம் பிடிப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ரோமிலேயே இன்னோர் இடம். டெஸ்டாச்சோ என்ற பகுதியில் பழைய இறைச்சிக்கூடம் ஒன்று உண்டு. அதை ஒட்டி, வெட்டுக்கு வரும் மாடுகளை நிறுத்திய பெரிய திடல், காம்போ போவாரியோ. இறைச்சிக்கூடம் மூடிய பிறகு அங்கே ரோமா மக்களில் ஒரு பிரிவான கல்தராஷ் குடும்பங்கள் வண்டிவீடுகளில் வாழ்ந்தன. 1999-ல் ஸ்டாக்கர் குழு குர்து அகதிகளோடு அங்கே ஒரு காலிக் கட்டடத்தில் நுழைந்து அதற்கு அராரத் என்று பெயர் வைத்தது. திடலில் வட்டமாக மேசை போட்டு, அங்கே இருந்த சமூகங்கள் சேர்ந்து சாப்பிட்ட மதியம் ஒன்றைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இப்போது அந்த இறைச்சிக்கூட வளாகத்தில் ரோமா த்ரே பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறை இயங்குகிறது. கல்தராஷ் குடும்பங்களின் வண்டிவீடுகள் அங்கே இல்லை. பல்கலைக்கழகம் வந்ததால்தான் அவர்கள் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'ஊரோடு இணைந்தோம்' என்று ஆண்டறிக்கை எழுதும் எந்தத் துறையும், தான் வந்த பிறகு அங்கிருந்து போனவர்கள் யார் என்பதற்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.