கல்லறை எட்டாதவர்களின் கல்லறைத் திருநாள்

(குன்னூரில் நவம்பர் முதல் நாள் மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இன்று அனைத்துப் புனிதர்கள் பெருவிழா. நாளை கல்லறைத் திருநாள். உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனையில் உயிர்விட்டவர்களின் தொகை பெருகியபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திருநாள் ஒதுக்க ஆண்டின் நாள்கள் போதவில்லை. பலருடைய பெயரே தெரியவில்லை. எனவே எல்லோரையும் சேர்த்து நினைக்கும் வழக்கம் வேரூன்றிற்று. 609-இல் திருத்தந்தை நான்காம் போனிபாஸ், உரோமையின் பழைய தெய்வங்களுக்குரிய பாந்தியோன் கோயிலை அன்னை மரியாவுக்கும் விசுவாசத்துக்காக உயிர்விட்ட எல்லா மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தார். நவம்பர் முதல் நாள் பின்னர் வந்தது. பீடத்தில் சுரூபம் இல்லாத புனிதர்களுக்கும் உரிய நாள் இது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாளைய திருநாளுக்கும் இதே குணம் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளூனி மடத்துத் தலைவர் ஒதிலோ, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் தம் மடங்களில் மன்றாடப் பணித்தார். 'அனைவருக்காகவும்' என்ற அந்தச் சொல்லை நான் பெரிதாக மதிக்கிறேன். 1915-இல், முதல் உலகப் போரில் இளைஞர்கள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருந்தபோது, திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் ஒவ்வொரு குருவும் இந்நாளில் மூன்று பூசை வைக்க அனுமதித்தார். அவற்றுள் ஒன்று, இன்னாருக்காக என்று யார் பூசைக் கருத்துக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இறந்தோர் அனைவருக்கும் உரியது. கேட்பாரற்றவருக்கும் அதில் பங்குண்டு. இறந்தோருக்காக மன்றாடும் வழக்கம் இல்லாத சீர்திருத்த சபைச் சகோதரர்களும், முன்சென்றவர்களுக்காக நன்றி செலுத்தி இந்நாள்களில் நம்மோடு நிற்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த மலைதான். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே, பின்னாளில் டேன்டீ என்று பெயர்பெற்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே 1968-இல் தொடங்கப்பட்டன. அவர்கள் பெட்டி படுக்கையோடு வந்தார்கள்; தாய் தகப்பனைப் புதைத்த மண்ணைக் கொண்டுவர முடியவில்லை. தேயிலைக்கு உரமாய்ப் போனவர்களின் குழிமேடுகள் அட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்க, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பெரிய சிலுவையடிக்கு ஆண்டுதோறும் ஒரு பாட்டி வருவார். ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்த மாலையில் தீக்குச்சி பற்றாது. பற்றினாலும் சுடர் நிற்காது. அவர் பழைய பால்மாவு டப்பாவின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, மெழுகுவர்த்தியின் அடியை உருக்கி உள்ளே ஒட்டவைத்து, திறந்த பக்கம் சிலுவையைப் பார்க்கத் திருப்பி வைப்பார். பிறகு மூன்று பெயர்களைச் சொல்வார்; ஒவ்வொரு பெயருடனும் தோட்டத்தின் பெயரையும், அதற்குள் எந்தப் பிரிவு என்ற டிவிசனையும் சேர்த்தே சொல்வார். “இடம் சொல்லாட்டி சாமிக்குத் தெரியாதா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “சாமிக்குத் தெரியும் தம்பி. எனக்கு மறந்துபோயிடக் கூடாதில்ல” என்றார். கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நம் குடும்பக் கல்லறைகளுக்கு ஒரு வாரமாகச் சுண்ணாம்பு அடித்துச் சாமந்தி மாலையும் வாங்கி வைத்திருக்கிறோம். நல்லதுதான். நாளைப் பிற்பகல் பங்குத்தந்தை கல்லறைகளை மந்திரித்து முடித்ததும், குடும்பத்துக்கு ஒருவராவது ஒரு மெழுகுவர்த்தியோடு அந்தப் பெரிய சிலுவைக்கு வர வேண்டுகிறேன். சென்ற ஆண்டு முதல் அந்தப் பாட்டி வருவதில்லை. அவருக்கு இப்போது இந்த மண்ணிலேயே, கிழக்கு மதிலோரத்தில், ஒரு கல்லறை இருக்கிறது. அவர் சொல்லிவந்த மூன்று பெயர்களையும் தோட்டத்தோடும் டிவிசனோடும் எழுதி வைத்திருக்கிறேன். நாளை அவற்றை நான் வாசிப்பேன்.