ரேடியேட்டருக்குள் சேரும் கறுப்புச் சேறு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் ஹீட்டிங் ஓடிக்கொண்டிருந்தால், பாய்லரில் சூடான தண்ணீர் உள்ளே சுற்றி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பக்கம் ஒருமுறை, கீழ்ப்பக்கம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாமல்தான். கீழே சூடாக இருந்து மேலே சில்லென்று இருந்தால், உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அது சின்ன விஷயம். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கும் திருகை அதற்கான சாவியால் லேசாகத் திறந்தால் உஸ்ஸென்று போய்விடும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள்.

மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் சில்லென்று இருக்கிறதா? அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அங்கே சேறு தங்கியிருக்கலாம்.

ஒரு நண்பர் வீட்டில் அப்படிப்பட்ட ரேடியேட்டரைக் கழற்றியபோது, வந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்தேன். மை மாதிரி இருந்தது. தம்ளரின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்தேன். கறுப்பெல்லாம் மெல்ல அந்தப் பக்கமாக ஒதுங்கித் தடிப்பாக அப்பிக்கொண்டது. மறுபக்கம் தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. காந்தத்தை மேலே நகர்த்தினால் கறுப்பும் கூடவே ஏறுகிறது! வீட்டுப் பிள்ளைகள் அப்புறம் தம்ளரை என்னிடம் தரவே இல்லை. “இவ்வளவு அழுக்கு எப்படி உள்ளே போச்சு?” என்றார் நண்பர். எதுவும் உள்ளே போகவில்லை. அது அவருடைய ரேடியேட்டரேதான். எஃகு அரித்து உண்டான மாக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அந்த அரிப்பில் ஹைட்ரஜனும் வெளிவரும். அதனால், வாயுவைத் திறந்துவிடும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

சரி, ஏன் அரித்தது? விசாரித்தால், பிரஷர் குறையும்போதெல்லாம் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றியிருக்கிறார். இதைத்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்: புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. உள்ளேயே சுற்றும் பழைய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு வெகுவாகத் தணிந்துவிடும். பல வீடுகளில் ஆறிய நிலையில், பார் என்ற அழுத்த அளவில், 1 முதல் 1.5 வரை பிரஷர் இருந்தால் போதும். அது அடிக்கடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டி கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யுங்கள், தண்ணீர் ஏற்றுவது வைத்தியமாகாது.

சேற்றை எடுக்க, சுத்தம் செய்யும் ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து ஓடவிட்டு, பிறகு முழுக்க வடித்து அலசுவார்கள். சேறு அதிகமென்றால் இயந்திரம் வைத்து வேகமாக அலச வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அலசிய பிறகு உள்ளே இருப்பது முழுக்கப் புதுத் தண்ணீர்! அதில் அரிப்புத் தடுப்பு மருந்து கலக்காவிட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் போட்டுவிடுங்கள். தம்ளரில் பார்த்த அதே வேடிக்கைதான் அதற்குள்ளும் நடக்கிறது. அதையும் அவ்வப்போது திறந்து கழுவ வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பாய்லரைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையிலும் மாதம் ஒருமுறை சில நிமிடம் ஓடவிடுங்கள், பம்ப் இறுகாது. எரிவாயு பாய்லரின் மூடியை நீங்களே திறக்காதீர்கள். வருடம் ஒருமுறை உரிமம் பெற்றவர் பார்க்கட்டும். பாய்லர் சரியாக எரியாவிட்டால் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் இல்லாத வீடென்றால், ரேடியேட்டர் காத்திருக்கட்டும், முதலில் அலாரத்தை வாங்கி மாட்டுங்கள். வணக்கம்.